பல நாடுகளைக் காரில் கடக்கப் போகிறீர்களா? ஜி.பி.எஸ். கருவி வாங்குமுன் இதைப் படியுங்கள்

2023 கோடையில் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தோம். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது, விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய பழைய ஜி.பி.எஸ். கருவி. வழியில் புதிய பாலத்துக்குத் திரும்பச் சொல்லும் பலகை தெரிந்தது. கருவியோ நேராகப் போகச் சொன்னது. கருவியை நம்பினேன். கொஞ்ச தூரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. முன்னால் எல்லைச் சாவடி. அதற்கு அப்பால் போஸ்னியாவின் நேயும் நகரம்.

குரோஷியாவின் கடற்கரையை நடுவில் வெட்டிக்கொண்டு போஸ்னியாவுக்குச் சொந்தமான சுமார் 20 கி.மீ. கடற்கரை அங்கே இருக்கிறது. அதைத் தொடாமல் போவதற்காகத்தான் 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலத்தைத் திறந்தார்கள். என் கருவியில் இருந்த வரைபடம் அதற்கு முந்தையது. எங்கள் கடவுச்சீட்டில் இருந்ததோ ஒரே ஒரு நுழைவுக்கான ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. குரோஷியா 2023 ஜனவரியிலேயே ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. வெளியேறும் முத்திரை விழுந்திருந்தால் டுப்ரோவ்னிக்குக்குள் நுழைய வழியே இருந்திருக்காது. போதாக்குறைக்கு, வாடகை ஒப்பந்தத்தில் போஸ்னியாவுக்கு அனுமதியும் இல்லை. சாவடி அதிகாரி விசாப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், முத்திரையைக் கீழே வைத்தார், வந்த வழியைக் கையால் காட்டினார். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்களுக்கு அப்படி ஒரு நிலை வரக்கூடாது. முதன்முறையாகப் பல நாடுகளைக் காரில் கடக்கப் போகிறவர்கள் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கடைக்குப் போய்க் கருவியைப் பார்ப்பது இதில் மூன்றாவது படிதான்.

1. முதலில் நாடுகளின் பட்டியலை எழுதுங்கள்

போகிற நாடுகள் மட்டுமல்ல, கடக்கிற நாடுகளும் பட்டியலில் வர வேண்டும். அரை மணி நேரம் மட்டும் நுழைந்து வெளியேறும் நாடுதான் பெரும்பாலும் தலைவலி கொடுக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: என் விசா அங்கே செல்லுமா, வாடகை நிறுவனம் காரை அங்கே கொண்டுபோக விடுமா, என் சிம்மில் அங்கே இணையம் கிடைக்குமா, நெடுஞ்சாலைக்கு முன்கூட்டியே கட்டணம் கட்ட வேண்டுமா.

ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் வைத்திருந்தால் 2017 ஜூன் முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. செர்பியாவும் போஸ்னியாவும் இல்லை. வரைபடத்தில் நடுவில் இருப்பதாலேயே சுவிட்சர்லாந்தும் சேர்த்திதான் என்று நினைத்துவிடுகிறோம். ஜெனீவாவைத் தாண்டுகிற ஒரு மணி நேரத்தில் ரோமிங் கட்டணம் மளமளவென்று ஏறிவிடும்.

2. கைபேசி போதுமா, தனிக் கருவி வேண்டுமா?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்குள் முடியும் பயணம், எல்லா நாட்டிலும் இணையம் உண்டு, நகரங்களுக்கு இடையே மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கைபேசியே போதும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கும், மலைப்பாதைகளும் ஆளில்லாப் பகுதிகளும் வழியில் உள்ளவர்களுக்கும், இணையம் அறுந்து அறுந்து வரும் நாடுகளைத் தொடர்ந்து கடப்பவர்களுக்கும் தனிக் கருவி வேண்டும். எதை எடுத்தாலும் இன்னொன்று துணைக்கு இருக்கட்டும்.

கைபேசியை நம்புகிறவர்கள் இணையமில்லாமல் ஓடும் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸில் அப்படி இறக்கிய வரைபடம் கார் வழியைச் சொல்லும். போக்குவரத்து நெரிசல் தெரியாது, மாற்று வழியும் கிடைக்காது. அந்த வரைபடத்துக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள். சில பகுதிகளை இறக்கவே முடியாது. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் போன்ற செயலிகள் முழு நாட்டையும் கைபேசிக்குள் வைத்துக்கொள்ள விடுகின்றன. இரண்டாவது துணையாக எனக்கு இவைதான் உதவுகின்றன.

எல்லா நாட்டிலும் கூகுள் மேப்ஸ் கைகொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவில் விரிவான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்ததால் கார் வழி காட்டுவது நெடுங்காலமாக அதற்கு முடியாத காரியமாக இருந்தது. அங்கே உள்ளூர் மக்கள் நேவர் மேப், காக்காவோ மேப் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார்கள். சீனாவில் அரசு விதித்த வரைபட முறையால், வெளிநாட்டு வரைபடத்தில் உங்கள் புள்ளி சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கக்கூடும். ஜப்பானில் வாடகைக் காரிலேயே கருவி இருக்கும். போகும் இடத்தின் தொலைபேசி எண்ணையோ, 'மேப்கோட்' என்ற எண்ணையோ கொடுத்தால் வழி காட்டும். இந்த நாடுகளுக்காகத் தனிக் கருவி வாங்குவது வீண் செலவு.

காரின் திரையில் கைபேசியை இணைத்துவிடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாடகை நிறுவனம் உறுதி தருவது காரின் வகைக்கு மட்டுமே. பதிவு செய்தபோது படத்தில் பார்த்த கார் வராமலும் போகலாம், வருகிற காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ இல்லாமலும் போகலாம். ஆகவே கைபேசிப் பிடிப்பானும் மின்கம்பியும் பையில் இருக்கட்டும். வெயிலில் முன்கண்ணாடிக்குப் பின்னால் மணிக்கணக்கில் இருந்தால் கைபேசி சூடேறிச் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும். காற்றுத் துவாரத்தில் மாட்டும் பிடிப்பான் என்றால் குளிர்காற்று பட்டுக்கொண்டே இருக்கும்.

3. கருவி வாங்குவதானால் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம்

பெட்டியின் முன்பக்கத்தில் திரையின் அளவு பெரிதாக அச்சாகியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். எந்தெந்த நாடுகளின் வரைபடம் உள்ளே இருக்கிறது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 'ஐரோப்பா' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். அது மேற்கு ஐரோப்பாவாக மட்டும் இருக்கலாம். நாடு இருந்தாலும் 'முக்கியச் சாலைகள் மட்டும்' என்று குறிப்பிருக்கலாம். உங்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக ஒப்பிடுங்கள்.

வரைபடம் இல்லாத நாட்டுக்குள் நுழைந்தால் கருவி எச்சரிக்கை எதுவும் தராமலே போகலாம். வெற்றுச் சாம்பல் நிறத்தில் உங்கள் கார்க்குறி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

விடுபட்ட நாட்டின் வரைபடத்தைத் தனியாக வாங்கலாம். ஆனால் அதன் விலை சிறிய கருவியின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். அதைக் கூட்டிப் பார்த்தால் எல்லா நாடுகளும் அடங்கிய மாதிரியே மலிவாக இருக்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், இணையத்தில் இறக்கும் வரைபடம் அந்த ஒரு கருவிக்கே பூட்டப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மைக்ரோ எஸ்.டி. அட்டையில் வருவதை, அதே நிறுவனத்தின் பொருந்தும் வேறு கருவிக்கும் மாற்றிக்கொள்ள முடிகிறது.

4. 'வாழ்நாள் புதுப்பிப்பு' என்பது யாருடைய வாழ்நாள்?

பல கருவிகளின் பெட்டியில் வரைபடத்துக்கு 'வாழ்நாள் புதுப்பிப்பு' உண்டு என்று போட்டிருப்பார்கள். அது உங்களுடைய வாழ்நாள் அல்ல, கருவியுடையது. அந்த வாழ்நாள் எப்போது முடிகிறது என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது. 2018இல் பெரிய நிறுவனம் ஒன்று தன் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு வரைபடப் புதுப்பிப்பை நிறுத்தியபோது, 'வாழ்நாள்' என்று நம்பி வாங்கியவர்கள் திகைத்துப்போனார்கள். ஆகவே சந்தைக்கு வந்து ஓரிரு ஆண்டுக்குள் இருக்கும் மாதிரியையே வாங்குங்கள்.

பழைய கருவியை வாங்கும் எண்ணம் இருந்தால் பணத்தைக் கொடுக்குமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டவை இவை.

முதலில், மாதிரி எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்து, இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, அமைப்புப் பக்கத்தில் வரைபடத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். என்னிடம் விற்றவர் 'புதுப்பித்தது' என்றார். அவர் சொன்னது கருவியின் மென்பொருளை. வரைபடம் வேறு, மென்பொருள் வேறு. கடைசியாக, திறந்த வெளியில் கருவியை இயக்கி அது காட்டும் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் அதிலிருந்து தவறான தேதியைக் காட்டுகின்றன. தேதி தவறினால் சேரும் நேரமும் தவறலாம், குளிர்காலத்தில் மூடும் சாலைகளைப் பற்றிய கணக்கும் தவறலாம்.

5. எந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம்?

நெடுஞ்சாலைச் சந்திப்பில் எந்தத் தடத்தில் நிற்க வேண்டும் என்று படமாகக் காட்டும் வசதி கட்டாயம் வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு முதன்முறை போகிறவருக்கு இதைவிட உதவியான ஒன்று இல்லை. சாலைப் பெயரை வாசித்துச் சொல்லும் குரலும் வேண்டும். பதிவு செய்த குரல்கள் 'வலப்பக்கம் திரும்பவும்' என்பதோடு நிறுத்திவிடும். திரை 6 அங்குலம் இருந்தால் தாராளம்.

போக்குவரத்து நெரிசல் தகவல் இரண்டு விதமாக வருகிறது: கைபேசியின் இணையம் வழியாக, அல்லது வானொலி அலை வழியாக. வானொலி வாங்கி பல மாதிரிகளில் மின்கம்பிக்குள்ளேயே இருக்கும். கம்பியைத் தொலைத்துவிட்டு வேறொன்றை மாட்டினால் நெரிசல் தகவல் போய்விடும். காரின் யூ.எஸ்.பி. துளையில் சாதாரணக் கம்பியால் செருகினால், கணினியோடு இணைந்துவிட்டதாக எண்ணி வழிகாட்டுவதையே நிறுத்தும் கருவிகளும் உண்டு. 12 வோல்ட் துளைக்கான அசல் கம்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குரலால் கட்டளை, கேமரா, உணவக மதிப்பீடு போன்றவற்றுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். வேனிலோ, கூரையில் உயரமான பெட்டி ஏற்றியோ போகிறவர்கள் மட்டும் வண்டியின் உயரத்தைக் கணக்கில் எடுக்கும் மாதிரியைப் பாருங்கள். சாதாரணக் கார் கருவி தாழ்வான பாலங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

செலவு என்று பார்த்தால், 6 அல்லது 7 அங்குலப் புதுக் கருவிகள் பெரும்பாலும் 150 முதல் 350 யூரோவுக்குள் இருக்கின்றன. வாடகை நிறுவனத்திடமே கருவியை எடுத்தால் நாளுக்குப் பெரும்பாலும் 10 யூரோவுக்கு மேல். மூன்று வாரப் பயணத்தில் அந்தப் பணத்துக்குச் சொந்தக் கருவியே வந்துவிடும். அவர்கள் கொடுக்கும் கருவியின் வரைபடம் எந்த ஆண்டுடையது என்பதும் சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

6. ஆவணங்கள்

கருவிக் கட்டுரையில் ஆவணம் எதற்கு என்று கேட்கலாம். உங்களை எல்லைக்குக் கூட்டிச் செல்வதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. சாவடியில் நீட்ட வேண்டியது காகிதத்தைத்தான்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் எந்த நாட்டுடையதோ அங்கேயே, புறப்படுமுன் வாங்க வேண்டும். 1949, 1968 ஆண்டுகளின் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தங்களின்படி அதில் முக்கியமாக இரண்டு வகை. 1949 வகை ஓராண்டுக்குச் செல்லும். 1968 வகை மூன்றாண்டு வரை. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. சீனப் பெருநிலம் இரண்டையுமே ஏற்பதில்லை.

வாடகை நிறுவனத்திடம், பட்டியலில் உள்ள ஒவ்வொரு நாட்டின் பெயரும் எழுதப்பட்ட எல்லைக் கடப்பு அனுமதியை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் 'பரவாயில்லை' என்றதைக் காட்டி எந்தக் காப்பீட்டுத் தொகையையும் பெற முடியாது. அந்த அனுமதிக்கான கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

'விக்னெட்' எனப்படும் நெடுஞ்சாலை அனுமதி ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்லோவேனியா, ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய நாடுகளில் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் போனாலும் ஆண்டு அனுமதிக்கான 40 ஃபிராங்க் கட்டித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரியாவில் விக்னெட் இருந்தாலும் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம். மின்னணு விக்னெட் வாங்கும்போது வண்டி எண்ணையும், வண்டி பதிவான நாட்டின் குறியீட்டையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் கேமராவின் கண்ணுக்கு நீங்கள் பணம் கட்டாதவர்தான்.

7. கருவியே சட்ட மீறலாகும் இடங்கள்

வேகக் கேமரா இருக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லும் வசதி பல கருவிகளில் உண்டு. சில நாடுகளில் அது குற்றம். பிரான்ஸில் 1,500 யூரோ வரை அபராதம். ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தினால் 75 யூரோவும் உரிமத்தில் ஒரு தண்டனைப் புள்ளியும். சுவிட்சர்லாந்தில் கருவியையே பறிமுதல் செய்ய முடியும். அந்த நாட்டு எல்லைக்கு முன்னால் அணைத்துவிட வேண்டும் என்று திட்டமிடாதீர்கள், மறந்துவிடும். பயணத்தின் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

முன்கண்ணாடியில் எங்கே ஒட்டலாம் என்பதற்கும் விதி உண்டு. கலிஃபோர்னியாவில் ஓட்டுநருக்கு அப்பாலுள்ள கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள், அல்லது ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள் வைக்கலாம். பிரிட்டனில் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்தாலே 200 பவுண்டு அபராதம், 6 புள்ளி. காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் முகவரியைத் தட்ட வேண்டும்.

8. கருவியில் மாற்ற வேண்டியவை

'சுங்கச் சாலையைத் தவிர்' என்ற தேர்வை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரியாவில் சில கருவிகள் விக்னெட் சாலைகளையும் சுங்கச் சாலையாகவே எடுத்துக்கொண்டு உங்களை மலையடிவாரக் கிராமங்கள் வழியாக இழுத்துக்கொண்டு போகும். இதற்கு மறுபக்கமும் உண்டு: 2019 முதல் அதே நாட்டின் டிரோல் மாநிலத்தில், கோடை வார இறுதிகளில் நெரிசலுக்குப் பயந்து நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துக்குள் இறங்கத் தடை இருக்கிறது. கருவி இறங்கச் சொல்லும், போலீஸார் திருப்பி அனுப்புவார்கள்.

'மண் சாலையைத் தவிர்' என்பதை இயக்கியே வையுங்கள். ஐஸ்லாந்தின் உள்நாட்டு 'எஃப்' சாலைகளில் நான்கு சக்கர இயக்கக் கார் இல்லாமல் போவது சட்டப்படி தவறு.

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை இருக்கும். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம் என்று பொருள். கருவிகள் பலவும் இதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே அழைத்துச் செல்லும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். அதற்கு முன்பே வாடகை நிறுவனம் 'நிர்வாகக் கட்டணம்' என்று உங்கள் அட்டையில் எடுத்திருக்கும். விடுதி பழைய நகரத்துக்குள் இருந்தால், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று விடுதியிடமே கேட்டு, அந்த நிறுத்துமிடத்தையே சேருமிடமாகக் கொடுங்கள்.

முகவரி விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஊர்ப் பெயர் எல்லை தாண்டினால் மாறும். பெல்ஜியத்தின் கென்ட் நகரிலிருந்து பிரான்ஸின் லில் நகருக்குப் போகும்போது கருவியில் 'லில்' என்று இருந்தது. பலகைகளில் லில் என்ற பெயரே காணோம், எங்கும் 'ரைசல்' என்றே எழுதியிருந்தது. டச்சு மொழியில் லில்லுக்கு அதுதான் பெயர். அது தெரியாமல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி அரை மணி நேரத்தை இழந்தோம். லியேஜ் என்பதும் லாய்க் என்பதும் ஒரே ஊர். மோன்ஸ் என்பதும் பெர்கன் என்பதும் ஒரே ஊர். வழியில் வரும் நகரங்களின் உள்ளூர்ப் பெயர்களை முன்பே ஒரு தாளில் எழுதி முன்னிருக்கையில் இருப்பவரிடம் கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதும் உண்டு. ஜெர்மனியில் மைன் நதிக்கரையில் ஒரு ஃபிராங்க்ஃபர்ட், போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில் இன்னொன்று.

இதற்கெல்லாம் தீர்வு, தங்குமிடங்களை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகச் சேமிப்பது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்பிளிட் நகரம் 43.5081, 16.4402 என்ற எண்களில் இருக்கிறது. கருவி பாகை, கலை, விகலை (டிகிரி, நிமிடம், நொடி) முறையில் கேட்கும்போது 16.44 என்பதை 16 பாகை 44 கலை என்று தட்டிவிட்டால் 20 கி.மீ.க்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள். சரியானது 16 பாகை 26 கலை. எண்ணைத் தட்டுவதற்கு முன் அமைப்பில் 'தசம பாகை' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

9. எதை எப்போது செய்வது?

ஆறு வாரத்துக்கு முன்: நாடுகளின் பட்டியல், விசாவில் எத்தனை நுழைவு என்ற சரிபார்ப்பு, சர்வதேச அனுமதிக்கான விண்ணப்பம், வாடகை நிறுவனத்தின் எழுத்து அனுமதி.

நான்கு வாரத்துக்கு முன் கருவி கைக்கு வந்துவிட வேண்டும். பழுதிருந்தால் மாற்றிக்கொள்ள அப்போதுதான் அவகாசம் இருக்கும். பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் படமெடுத்து வையுங்கள். உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு வெளியே செல்லுமா என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு வாரத்துக்கு முன் வரைபடத்தைப் புதுப்பியுங்கள். முந்தைய இரவுக்குத் தள்ளிவைக்காதீர்கள். ஒரு கண்டத்தின் வரைபடம் பல ஜிகாபைட் இருக்கும், மணிக்கணக்கில் இறங்கும், பாதியில் நின்றால் கருவி எந்த வரைபடமும் இல்லாமல் கிடக்கும். உள்நினைவகம் போதாவிட்டால் மைக்ரோ எஸ்.டி. அட்டை கேட்கும். புதுப்பித்து முடிந்ததும் சமீபத்தில் திறந்த ஒரு சாலையைத் தேடிப் பாருங்கள். குரோஷியா போகிறவர்கள் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்கு வழி கேளுங்கள். பெல்யெஷாட்ஸ் பாலம் வந்தால் வரைபடம் புதியது.

விக்னெட்டை, வண்டி எண் கைக்கு வந்த பிறகு, எல்லையைத் தொடுமுன் வாங்க வேண்டும். வாடகைக் காருக்கு அது சாவி வாங்கிய அன்றுதான் தெரியும். அந்தந்த நாட்டு அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர்கள் கூடுதலாகக் கட்டணம் வாங்குகிறார்கள்.

10. கார் கைக்கு வந்த அன்று

விமானத்தில் கண்டம் விட்டுக் கண்டம் வந்த கருவி, தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். கூரையுள்ள நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில் காரை நிறுத்திக் காத்திருங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் புதிதாக வாங்க 12.5 நிமிடம் ஆகும். ஓட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதமாகும். கால் மணி நேரத்துக்குப் பிறகும் குறி வரவில்லை என்றால், முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கலாம். பின்னோக்குக் கண்ணாடியைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக விடப்பட்ட பூச்சில்லாத பகுதியின் அருகே கருவியை வைத்துப் பாருங்கள்.

முதல் வழியை முழுதாகத் திரையில் விரித்துப் பாருங்கள். எல்லைக் கோடு எதையாவது தொடுகிறதா? தொட்டால் அந்த நாடு உங்கள் பட்டியலில் இருக்கிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்பிளிட்டில் புறப்பட்ட காலையில் நான் அதைச் செய்யவில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, கைபேசியை அதன் திரையோடு இணைத்திருந்தால், சேமிப்பிலிருந்து உங்கள் பெயரையும் முகவரிகளையும் நீக்கிவிடுங்கள். கருவியைப் பிடிப்பானோடும் கம்பியோடும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். விக்னெட் ரசீதுகளையும் எல்லை அனுமதிக் கடிதத்தையும் குறைந்தது ஓராண்டுக்காவது தூக்கிப் போடாதீர்கள்.